ஒன்பது புள்ளி நான்கு

எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் லேபில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. புது ஸ்டாப் வாட்ச்சுகள், புது ஸ்கேல்கள், பளபளவென்று பித்தளைக் குண்டுகள் எல்லாம் அதற்குள் அட்டைப்பெட்டியோடு தூங்குகின்றன. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் திறப்போம். வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூர் ஆசிரியர் வந்தால் திறப்போம். மற்ற நாளெல்லாம் பூட்டு. கையில் கொடுத்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். பிள்ளைகளுக்கென்று வாங்கிய சாமானைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெயர் செவ்வந்தி, லேப் அட்டெண்டர், காண்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே என் தலை பாதி நரைத்துவிட்டது. வாய் மட்டும் இன்னும் நரைக்கவில்லை.

சாதாரண நாளில் பிள்ளைகளுக்கு நான் எடுத்து வைப்பதெல்லாம் ஓட்டை உடைசல்தான். அதில் சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய ஸ்டாப் வாட்ச் ஒன்று. அதை யாரும் குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள், யாரும் அதைப் பார்த்தால்தானே! தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அது இருபது முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து, பூமி எந்த வேகத்தில் கீழே இழுக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு. அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் முதலில் 9.8 என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அதற்கு எந்த நேரம் வந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புவார்கள். சந்தேகம் வராமலிருக்க ஒரு வரியில் 9.79, இன்னொரு வரியில் 9.81. எல்லாம் முடிந்து மணியடிக்க நேரமிருந்தால் குண்டை ஒரு ஆட்டு ஆட்டிவிடுவார்கள். அதுவும் பாவம், வந்ததற்கு ஆடிவிட்டுப் போகட்டும் என்று.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. எல்லோருக்கும் முழு மார்க்.

இந்த லேபுக்குள்தான் என் அண்ணன் அய்யனாரின் மகள் மணிமொழி பிளஸ் ஒன் படிக்க வந்து சேர்ந்தாள். நாங்கள் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆள்கள் இல்லை. டவுன்ஷிப்பைத் தாண்டி முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஆலடிமேடு என்று ஒரு சின்ன ஊர். ஊர் என்றால் ஊர் தனி, எங்கள் காலனித் தெரு தனி. ஊரில் இருப்பவர்களுக்கு நிலம் இருந்தது. நாங்கள் அந்த நிலத்தில் நாற்று நட்டோம், களை எடுத்தோம். இப்போது அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை வாருகிற காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். அண்ணி வீரம்மாள் இன்னும் களையெடுக்கப் போகிறாள். நான் பீரோவுக்குக் காவல்.

அவள் சேர்ந்த வருடமே ஆலடிமேட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. சுரங்கம் எங்கள் பக்கம் விரிகிறது. பட்டா இருக்கிற வீடுகளுக்கெல்லாம் வேறு இடத்தில் மாற்று மனை. எங்கள் தெரு புறம்போக்கில் இருக்கிறது. பட்டா இல்லை, ஆகவே எங்களிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை, ஆகவே திருப்பித் தரவும் ஒன்றுமில்லை. பேப்பரில் அப்படித்தான் வரும். தாத்தன் காலத்திலிருந்து அடுப்பெரிந்த வீடு, எடுத்தால் எடுத்த மாதிரி ஆகாதாம்! என்ன நியாயம் இது என்று நான் கேட்டால், வாயை மூடு என்று அண்ணி என்னைத்தான் அடக்குவாள்.

எங்களுக்கு ஒரேயொரு வழி மிச்சமிருந்தது. தை மாதக் கடைசியில் கருத்துக்கேட்புக் கூட்டம். தெருவுக்காக ஒருவர் பேசலாம், ஐந்து நிமிடம். எத்தனை காலமாக இங்கே இருக்கிறோம் என்பதற்கு ஏதாவது ஆதாரம் காட்டினால், எங்கள் தெருவையும் மாற்று மனைப் பட்டியலில் சேர்ப்பது பற்றி யோசிப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து தெரு முழுக்கப் பேசினோம். அதிகாரியைப் பார்த்தாலே ஆண்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டாது, ஆனால் நான் பேசினால் சண்டையாகிவிடும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் மணிமொழி.

சயின்ஸ் குரூப் படிக்கிற பெண். நேராகப் பார்த்துப் பேசுவாள். தெரு முழுவதும் பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், கோவில் திருவிழா ரசீது என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தது. அண்ணன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு முடிந்து, வீட்டு உத்திரத்தில் தொங்கவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் லேபில் தனி ஊசல் வந்தது.

மணிமொழிக்கு ஜோடி அஸ்வின். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன், நல்லவன், எப்போதும் பசி. அவன் வழக்கம்போல 9.8 எழுதிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தான். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டர் நூலுக்கு இருபது ஆட்டம் நாற்பது வினாடியில் முடிய வேண்டும். அது எனக்கே மனப்பாடம். அவளுக்கு நாற்பத்தொன்று வந்தது. மறுபடி ஆட்டினாள், நாற்பத்தொன்று. நூலைக் குறைத்து ஆட்டினாள். இன்னும் குறைத்து ஆட்டினாள். எந்த நீளத்துக்குப் போட்டாலும் கடைசியில் ஒரே விடை, ஒன்பது புள்ளி நான்கு.

“9.8-னு போட்டுட்டு வா மணி, அடுத்து பி.டி. பீரியட்” என்றான் அஸ்வின், வாயில் இட்லியோடு.

“வரலயே.”

“யாருக்குத்தான் வந்துது?”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உமாராணி மிஸ்ஸிடம் போனாள். மிஸ்ஸுக்கு மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெர்மனென்ட், ஷிப்ட் இன்சார்ஜ். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எப்போதும் திருத்தாத பேப்பர் ஒரு கட்டு இருக்கும். யார் எது கேட்டாலும் பேப்பரைப் பார்த்துக்கொண்டேதான் பதில்.

“எங்கயாவது தப்புப் பண்ணிருப்ப. திரும்பச் செய்.”

“நாலு தடவ செஞ்சிட்டேன் மிஸ். அதேதான் வருது.”

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். நோட்டை வாங்கினார். நீளம் சரி. குண்டின் ஆரத்தைக் கூட்டியிருந்தாள், அதுவும் சரி. ஆட்டத்தை எண்ணியது சரி. பெருக்கல் வகுத்தல் சரி. தப்பைக் கண்டுபிடிக்க முடியாத எரிச்சல் மிஸ் முகத்தில் தெரிந்தது. மணியடிக்கவும் சரியாக இருந்தது.

“இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்மா. புத்தகத்துலயே இருக்குல்ல? சரி சரி, ரெக்கார்டுல 9.8-னு போட்டுக்க” என்று நோட்டைத் தள்ளிவிட்டார்.

மணிமொழி போடவில்லை. வாட்ச்சைத் திருப்பித் தர என் மேசைக்கு வந்தவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. “அத்த, இடத்துக்கு இடம் மாறுமாம்” என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும்!

அன்று சாயங்காலம் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே மரங்களெல்லாம் கரித்தூசி படிந்து கறுத்துக் கிடந்தன. தூரத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடு மலை மாதிரி தெரிந்தது. அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

“அத்த, பூமி நம்மள எதுனால இழுக்குது?”

“எனக்குத் தெரியாதுடி. நீதான படிக்கிற.”

“கீழ இருக்கிற மண்ணு, கல்லு, எல்லாம் சேந்துதான் இழுக்குது. நம்ம பக்கத்துலதான் அவ்ளோ மண்ண வெட்டி எடுத்துட்டாங்களே. அப்போ இழுக்குறதுக்கு மண்ணு கொறஞ்சிடுச்சி. அதான் ஒம்போது புள்ளி நாலு.” அவள் கண் மின்னியது. “நமக்குப் பட்டா இல்ல, அதனால நம்மகிட்டருந்து ஒண்ணும் எடுக்கலன்னுதான சொல்றாங்க? இது பட்டா கேக்காது அத்த. நம்ம காலுக்குக் கீழருந்து எடுத்துட்டாங்கன்னு இது சொல்லுது.”

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்வானேன். எங்கள் தெருவில் பிறந்த பெண், எங்கள் பக்கத்து நியாயத்தை ஒரு எண்ணாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்! அது தப்பாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று மிஸ்ஸே சொன்னாரே.

கூட்டத்துக்கு முதல் நாள் அண்ணன் மஞ்சள் பையை இறக்கி, எந்தக் கார்டை முதலில் காட்டுவது என்று அடுக்கிக்கொண்டிருந்தார். மணிமொழி தன் திட்டத்தைச் சொன்னாள். முதலில் ஒன்பது புள்ளி நான்கு, அப்புறம் கார்டு.

“இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?” என்றார் அண்ணன். “கார்ட காட்டு. பில்ல காட்டு. இத்தினி வருசமா இருக்குறம்னு சொல்லு. போதும்.”

“கார்ட மொதல்ல காட்டுனா ‘பட்டா எங்க’ன்னு கேட்டு உக்கார வச்சிருவாங்கப்பா. போன தடவ மனு குடுக்கப் போனப்பவும் அதான நடந்துச்சி? இத மொதல்ல சொன்னா காது குடுத்துக் கேப்பாங்க. அப்புறம் கார்டு.”

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏம்மா செவ்வந்தி, நீதான் அந்த ரூம்புலயே கெடக்குற. இவ சொல்றது மெய்தானா?”

“மிஸ்ஸாலயே தப்புக் கண்டுபிடிக்க முடியல அண்ணி” என்றேன். அது உண்மை. அண்ணன் தன் மகளைப் பார்த்தார். அவர் வீட்டில் அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த ஆள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. “சரி, நீ சொல்ற மாதிரியே பேசு” என்றார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காருகிற இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் போன கல்யாணத்துத் தெர்மோகோல் பூ இன்னும் ஒட்டியிருந்தது. ஓரத்து நாற்காலியில் கம்பெனி தரப்பில் ஓர் இன்ஜினியர், செந்தில்நாதன் என்று பெயர்ப் பலகை. மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்தவராம். எங்கள் தெரு மொத்தமும் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தோம். அண்ணன் ஷிப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையில், மடியில் மஞ்சள் பையோடு. நான் என் பையில் குண்டு, நூல், அந்தப் பழைய வாட்ச் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். செய்து காட்டச் சொன்னால் காட்டலாம் என்று மணிமொழி கேட்டிருந்தாள்.

பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனாள். மைக்கைப் பிடித்தாள். குரல் நடுங்கவில்லை.

“ஐயா, எங்களுக்குப் பட்டா இல்லைன்னு சொல்றீங்க. எங்ககிட்ட இருந்து எடுக்கறதுக்கு எதுவும் இல்லைன்னு சொல்றீங்க. ஆனா எங்க காலுக்குக் கீழ இருந்து எடுத்திருக்கீங்க. நான் அளந்து பாத்தேன்.”

மண்டபத்தில் சலசலப்பு அடங்கியது. அவள் ஊசலைப் பற்றிச் சொன்னாள். எல்லா இடத்திலும் ஒன்பது புள்ளி எட்டு இருக்க வேண்டியது இங்கே ஒன்பது புள்ளி நான்கு என்றாள். எத்தனை முறை செய்தாலும் அதுவேதான், எந்த நீளத்துக்கும் அதுவேதான் என்றாள். எங்கள் ஆள்களுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் மேடையில் இருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அது புரிந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்ட, தெருவே தட்டியது. நானும் உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன். அண்ணன் தட்டவில்லை. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அழுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

செந்தில்நாதன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். கேலி பண்ணுவார் என்று நினைத்து வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேலி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கியேம்மா. நெஜமாவே சொல்றேன், எத்தனை தடவை செஞ்சாலும் ஒரே விடை வர்றது சாதாரணம் இல்லைம்மா. ஆனா ஒரே மாதிரி தப்பா இருந்தாலும் அப்படித்தான் வரும். எந்த வாட்ச்ல பாத்தே?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் வாட்ச்சைக் கொடுத்தேன். அவர் தன் செல்போனை எடுத்து அதிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைத் திறந்தார். இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தி மேசை மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

“ஒரே நிமிஷம் பாத்துருவோம்.”

பழைய வாட்ச்சின் டிக்டிக் மைக்கில் கேட்டது. நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் போயின. பாதி நிமிடத்தில் முள் கொஞ்சம் முன்னால் போன மாதிரி இருந்தது. என் கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். செல்போனில் அறுபது வந்ததும் அவர் இரண்டையும் நிறுத்தினார். முள் அறுபத்தொன்றைத் தாண்டி நின்றிருந்தது.

“வாட்ச் வேகமா ஓடுதும்மா” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கு. அதைச் சரி பண்ணிப் போட்டுப் பாரு, ஒம்பது புள்ளி எட்டு வந்துரும்.”

முன்வரிசையில், பட்டா இருக்கிறவர்களின் வரிசையில், யாரோ சிரித்தார்கள். மணிமொழி வாட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மைக்கை மறந்து, சும்மா பேசுகிற குரலில் கேட்டாள்.

“அப்போ எங்க மண்ணு போனதுனால கொறயவே இல்லியா சார்?”

“கொறஞ்சிருக்கும்மா. இல்லைன்னு நான் சொல்லலை.” அந்த மனிதர் உண்மையிலேயே யோசித்துத்தான் பதில் சொன்னார். “புள்ளிக்கு அப்புறம் நாலு சைபர் போட்டு, அதுக்குப் பின்னால ஏதோ ஒண்ணு. அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேணும். இந்த மாதிரி சோதனையில அது தெரியாது. பிழைக்குள்ளயே அமுங்கிப் போயிரும்.”

“அவ்ளோ பெரிய பள்ளமா சார்?”

“பூமி அதைவிட ரொம்பப் பெருசும்மா.”

அவள் வாய் திறந்தபடியே நின்றது. இரண்டு கண்ணாலும் பார்த்த பள்ளம் அது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், அடியில் லாரி தீப்பெட்டி மாதிரி தெரியும். அதற்குள் எத்தனையோ ஊர் போயிருக்கிறது. அது ஒரு பெரிய பிழையாகக்கூடத் தேறவில்லை. ஒரு பழைய வாட்ச் பண்ணுகிற தப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், சைபர்களுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷம் ஆயிருச்சும்மா. அடுத்தவங்க வரலாம்.”

அண்ணன் எழுந்துவிட்டார். பையின் முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை, பல்லால் இழுத்தார். “ஐயா, கார்டு இருக்குதுங்க… பில்லு… எங்கப்பா பேர்லயே இருக்குதுங்க…”

“உங்க தெருவுக்குப் பேசியாச்சுங்களே. ஒருத்தருக்குத்தான் அனுமதி. உக்காருங்க.”

“ஒரே நிமிசங்கய்யா.”

“உக்காருங்க.”

நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை வாட்ச் பார்க்கத்தானே எடுத்துக்கொண்டீர்கள், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினேன். போலீஸ்காரப் பெண் ஒருத்தி வந்து என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். அவள் கை மெத்தென்றுதான் இருந்தது. அடுத்த தெருக்காரர் மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்லிவிட்டார். அண்ணன் பாதி அவிழ்ந்த பையோடு நின்றார், அப்புறம் உட்கார்ந்தார்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் யாரும் மணிமொழியைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். தெருவே சேர்ந்து அவளுக்கு சன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது. அண்ணன்தான் இறங்குகிற இடத்தில் சொன்னார்.

“வுடும்மா. கார்ட காட்டியிருந்தாலும் பட்டாதான் கேட்டிருப்பானுவோ.”

கேட்டிருப்பார்களா, மாட்டார்களா? யாருக்குத் தெரியும். இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் உமாராணி மிஸ்ஸிடம் போய், அந்த வாட்ச் தப்பு, பீரோவைத் திறந்து புதுசு கொடுங்கள் என்றேன். விஷயம் அதற்குள் டவுன்ஷிப் முழுக்கப் பரவியிருந்தது.

“நான் அப்பவே 9.8-னு போட்டுக்கன்னு சொன்னேன்ல செவ்வந்தி” என்றார் மிஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இத்தன வருசமா அந்த வாட்ச் தப்பா ஓடிக்கினு இருந்திருக்குது மிஸ். ஒரு புள்ளைகூடக் கண்டுபிடிக்கல. ஏன்னா ஒரு புள்ளைகூட அளக்கல. அளந்தது இவ ஒருத்திதான். அவ தலையிலதான் விடியணுமா?”

மிஸ் பேப்பர் கட்டை மேசையில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “பிராக்டிகல் எக்ஸாமுக்குத் திறப்போம். அதுவரைக்கும் ஹெச்.எம். விட மாட்டாரு” என்றார்.

மாசியில் அளவைக்காரர்கள் வந்தார்கள். ஊருக்குள் வீடு வீடாக டேப் பிடித்து, சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். காலனித் தெரு முனை வரைக்கும் வந்தார்கள். அங்கே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்கள். மணிமொழி வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய மணிமொழி என்றால், எங்க வீட்டை ஏன் அளக்கவில்லை என்று ஓடிப்போய்க் கேட்டிருப்பாள். இவள் அவர்கள் ஜீப் கிளம்பி வழிவிடும்வரை காத்திருந்து, சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள்.

ஆடி முடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று எங்களுக்கு வாயால்தான் சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணி சேத்தியாத்தோப்பில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம் என்கிறாள். அங்கிருந்து மணிமொழி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது. அதை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை.

செய்முறைத் தேர்வன்று காலையில் நான் பீரோவைத் திறந்தேன். புது வாட்ச்சுகளுக்கு பேட்டரி போட்டு, என் பழைய செல்போனில் நேரம் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடின. வெளியூரிலிருந்து சோமசுந்தரம் என்கிற ஆசிரியர் தேர்வு நடத்த வந்திருந்தார். பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். மணிமொழிக்குத் தனி ஊசல் விழுந்தது.

இருப்பதிலேயே நல்ல குண்டாகப் பார்த்து எடுத்து வைத்தேன். புது ஸ்கேல், முறுக்கில்லாத நூல். வாட்ச்சை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து, குனிந்து காதில் சொன்னேன். “இது சரியா ஓடுது. நான் பாத்துட்டேன். ஆட்டிப் பாருடி.”

அவள் நூலைத் தொடவில்லை. அட்டவணைக்குக் கோடு போட்டாள். முதலில் கடைசி வரியை எழுதினாள், 9.8. அப்புறம் பின்னாலிருந்து கணக்குப் போட்டு மேலே நிரப்பிக்கொண்டே போனாள். ஒரு வரியில் 9.79, இன்னொரு வரியில் 9.81.

“மணி… ஒரே ஒரு தடவ.”

“எதுக்கு அத்த? எவ்ளோ வரணும்னுதான் தெரியுமே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாள் பாருங்கள், அப்படிச் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிடலாம் போல இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையன் பர்னரைக் கேட்டான், எடுத்துக் கொடுக்கப் போனேன்.

சோமசுந்தரம் சார் அவள் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “பிரமாதம். இவ்வளவு சுத்தமா ரீடிங் எடுத்து நான் பாத்ததில்லை. சோதனையில பிழை ஏதாவது இருந்துச்சாம்மா?”

“எதுவும் இல்ல சார்” என்றாள் மணிமொழி.

முழு மார்க். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு மேசைகளைத் துடைத்தேன். அவள் மேசையில் குண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. வாட்ச் பூஜ்யத்தில் நின்றிருந்தது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.